ஐடின் எண்: எச்-4 விசாவில் வந்த பெண்கள் தாங்களே விண்ணப்பிப்பது எப்படி

கணவரின் எச்-1பி வேலையை ஒட்டி எச்-4 விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை செய்ய அனுமதி இல்லாதவரை உங்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் தரமாட்டார்கள். ஆனால் கணவரோடு சேர்ந்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது உங்கள் பெயருக்கு நேரே ஓர் எண் வேண்டும். அதற்காக ஐ.ஆர்.எஸ். என்னும் அமெரிக்க வரித்துறை 1996 முதல் கொடுத்துவருவதுதான் ஐடின். ஒன்பது இலக்கங்கள், எப்போதும் 9இல் தொடங்கும்.

திருமணத்துக்கு முன் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இப்போது நியூஜெர்சியின் எடிசனில் இருக்கிறேன். பிப்ரவரி பிறந்தால் எங்கள் குடியிருப்பில் புதிதாக வந்தவர்கள் இந்த எண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருவார்கள். பேசுகிறவர் பெரும்பாலும் கணவர்தான். மனைவியின் பாஸ்போர்ட்டும் அவர் கையில்தான் இருக்கும். மனைவியையும் அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். விண்ணப்பம் மனைவியின் பெயரில் போகிறது. எழுதியிருப்பதெல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். படிக்காமல் போடக்கூடிய கையெழுத்து அல்ல அது.

முதலில், இந்த எண் தேவைப்படாதவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எச்-4இல் இருந்தாலும் வேலை அனுமதி அட்டை பெற்றவர்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குத்தான் போகவேண்டும். எல்-2 விசாவில் வந்த மனைவியருக்கு அந்த விசா நிலையே வேலை செய்யும் உரிமையைத் தருகிறது. அவர்களுக்கும் ஐடின் கிடையாது. கணவர் எஃப்-1 மாணவராக இருந்தால், முதல் ஐந்து ஆண்டுகள் வரை பொதுவாக அவர் வரிக் கணக்கில் வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அப்படிக் கருதப்படுகிறவர் தம் மனைவியோடு கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. ஆகவே எஃப்-2 மனைவிக்குப் பெரும்பாலும் இந்த எண்ணால் பயன் இல்லை. மாணவர்கள் அனுப்பும் 8843 படிவத்துக்கு எண்ணே தேவையில்லை.

தமிழ்நாட்டில் இருந்தபடியே அமேசானில் மின்நூல் விற்று ராயல்டி பெறுகிறவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பான் எண்ணே போதும். டபிள்யூ-8பென் படிவத்தில் இந்திய வரி எண்ணாகப் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோரினால், ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பதற்குப் பதிலாக 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். இதற்காக ஐடின் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி எச்-4 பெண்களின் கதைக்கு வருவோம். 2018க்கு முன்பெல்லாம் மனைவி என்ற ஒரே காரணத்துக்காக எண் வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அந்த எண்ணால் வரிக் கணக்கில் ஏதாவது ஒரு பலன் கிடைக்கவேண்டும். கூட்டாகத் தாக்கல் செய்வதே அந்தப் பலன். 2024ஆம் ஆண்டுக் கணக்கில், தனியாகத் தாக்கல் செய்யும் ஒருவருக்கு நிலையான கழிவு, அதாவது வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, 14,600 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் 29,200 டாலர். மனைவிக்கு எண் இல்லை என்பதற்காக இவ்வளவு தொகையை விட்டுவிட வேண்டியதில்லை.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் டபிள்யூ-7. கட்டணம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. படிவம் ஒரே பக்கம்தான். அதோடு இரண்டு கேள்விகளுக்கு விடை போகவேண்டும். நீங்கள் யார் என்பது ஒன்று, அதற்குப் பாஸ்போர்ட். எண் எதற்கு என்பது இன்னொன்று, அதற்கு நிரப்பிக் கையெழுத்திட்ட 1040 வரிக் கணக்கு. ரிட்டர்ன் என்னும் இந்த வரிக் கணக்கு இல்லாமல் டபிள்யூ-7ஐ மட்டும் அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கான விதிவிலக்குகள் உண்டு என்றாலும் அவை எச்-4 குடும்பங்களின் வழக்கமான நிலைக்குப் பொருந்துவதில்லை.

பாஸ்போர்ட்டை எப்படிக் காட்டுவது

தனியாக நின்று அடையாளத்தையும் வெளிநாட்டுக் குடியுரிமையையும் மெய்ப்பிக்கும் ஒரே ஆவணம் பாஸ்போர்ட். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பலாம் என்று ஐ.ஆர்.எஸ். அனுமதிக்கிறது. நான் அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன். திரும்பி வர அறுபது நாள் வரை ஆகும். அதற்குள் ஊரில் ஒரு துக்கச் செய்தி வந்தால் விமானம் ஏற முடியாது. அந்நிய நாட்டில் பாஸ்போர்ட் இல்லாமல் இரண்டு மாதம் இருக்கும் நிலையை ஒரு பெண் தானே தேடிக்கொள்ளக் கூடாது. அதுவும் வேறு வழிகள் மூன்று இருக்கும்போது.

முதல் வழி, பாஸ்போர்ட்டைக் கொடுத்த அரசிடமிருந்தே சான்றிட்ட நகல் வாங்குவது. நமக்கு அது இந்தியத் துணைத் தூதரகம். நியூஜெர்சிக்காரர்களுக்கு நியூயார்க், டெக்சஸ்காரர்களுக்கு ஹூஸ்டன் என்று எல்லை பிரித்திருக்கிறார்கள். தூதரக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் வழியாக, பாஸ்போர்ட் புதுப்பித்தல் தவிர்த்த இதர சேவைகளின் கீழ் இதற்கு விண்ணப்பிக்கலாம். புகைப்படப் பக்கத்தோடு நின்றுவிடாமல் அமெரிக்க விசா ஒட்டியிருக்கும் பக்கத்தையும் சேர்த்துச் சான்று பெறுங்கள். விண்ணப்பத்துக்கு விசா தேவைப்படும் இடங்களில், விசா பக்கம் இல்லாத நகலை ஐ.ஆர்.எஸ். முழுமையானதாக ஏற்பதில்லை.

இரண்டாவது வழி, ஐ.ஆர்.எஸ். நடத்தும் வரி உதவி மையத்துக்கு நேரில் போவது. அங்கே பாஸ்போர்ட்டைப் பார்த்து, சரிபார்த்து, உடனே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லா மையங்களிலும் இந்த வசதி இல்லை. முன்பதிவு செய்யும்போதே ஐடினுக்காகப் பாஸ்போர்ட் சரிபார்க்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இப்படி ஒரு மையம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது வழி, ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றளிக்கும் முகவர். அசலைப் பார்த்துவிட்டு அவர் ஒரு சான்றிதழை இணைத்து அனுப்புவார். கட்டணம் வாங்குவார். இவர்களின் பட்டியல் மாநில வாரியாக ஐ.ஆர்.எஸ். இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். முகவர்களில் சான்றளிக்கும் அதிகாரம் இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் படிவத்தை நிரப்பித் தருவார்களே தவிர, அசல் பாஸ்போர்ட்டை நீங்கள்தான் தபாலில் அனுப்பவேண்டியிருக்கும்.

நோட்டரி முத்திரை குத்திய நகல் செல்லாது. 2012இல் விதியை இறுக்கியதிலிருந்து அதை ஏற்பதில்லை. நம் ஊரில் கெசடட் அதிகாரி, நோட்டரி என்று முத்திரை வாங்கியே பழகியவர்கள் நாம். வங்கியில் இலவசமாக நோட்டரி செய்து தருகிறார்களே என்று இங்கேயும் அதையே செய்துவிடுகிறோம். எங்கள் பகுதியில் ஒருவர் கணிசமான தொகை வாங்கிக்கொண்டு நோட்டரி நகலோடு விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவை நிராகரிக்கப்பட்டுத் திரும்பியபோது பணம் திரும்பவில்லை. அந்தக் குடும்பங்கள் கோடை முழுவதும் ரீஃபண்டுக்காகக் காத்துக் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

படிவத்தை நிரப்பும்போது

மேலே "புதிய எண்ணுக்கு விண்ணப்பம்" என்பதைக் குறியுங்கள். அடுத்து, எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள் என்று எட்டுக் கட்டங்கள் இருக்கும். கணவர் நாள் கணக்குப்படி, அதாவது அமெரிக்காவில் தங்கிய நாட்களின் எண்ணிக்கைப்படி, வரிக்கு ரெசிடென்ட் (இந்நாட்டில் வசிப்பவர்) ஆகிவிட்டவர் என்றால், அமெரிக்கக் குடிமகன் அல்லது ரெசிடென்ட் ஏலியனின் வாழ்க்கைத் துணை என்னும் ஐந்தாவது கட்டம் உங்களுடையது. அதன் பக்கத்தில் கணவரின் முழுப் பெயரையும் அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுதவேண்டும். விசா என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் ஏழாவது கட்டத்தைக் குறித்துவிடுகிறார்கள். அது, வரிக்கு வெளிநாட்டவராக இருக்கும் விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது.

பெயரில்தான் தமிழர்களுக்குச் சிக்கல் அதிகம். மீனாட்சி என்ற பெண்ணின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயரான ராமசாமி இருக்கும். கணவர் பெயர் செந்தில் முருகேசன். வரி மென்பொருளில் கணவர் உட்கார்ந்து நிரப்பும்போது, மனைவியின் குடும்பப் பெயர் தானாகவே முருகேசன் என்று விழுந்துவிடும். இப்போது டபிள்யூ-7இல் மீனாட்சி ராமசாமி, 1040இல் மீனாட்சி முருகேசன். ஐ.ஆர்.எஸ். அலுவலகத்தில் இதைப் பார்க்கிறவருக்கு இவர்கள் இரண்டு பேர். பாஸ்போர்ட், டபிள்யூ-7, 1040 மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒரே பெயர் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளதே மூலம், மற்ற இரண்டையும் அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள், பிறந்தபோது இருந்த பெயரை அதற்கென உள்ள அடுத்த வரியில் எழுதவேண்டும்.

தேதிகளில் மாதம்தான் முதலில் வரும். 1993 ஜூலை 4இல் பிறந்தவர் 07/04/1993 என்று எழுதவேண்டும். நாம் பழகியபடி 04/07 என்று எழுதினால் ஏப்ரல் ஏழாம் தேதி ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் இருப்பதோ நாள் முதலில் வரும் முறை. பார்த்து எழுதும்போது கை தானாக அதே வரிசையில் போகும். பிறந்த தேதி, பாஸ்போர்ட் காலாவதித் தேதி, நாட்டுக்குள் நுழைந்த தேதி மூன்றையும் விரல் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.

தபால் முகவரியில் ஒரு சங்கதி. எண் அந்த முகவரிக்குத்தான் வரும். வாடகை ஒப்பந்தம் முடிந்து சில மாதத்தில் வீடு மாறுகிறவர்கள் நிலையான ஒரு முகவரியாகப் பார்த்துக் கொடுங்கள். அடுத்த வரியில் வெளிநாட்டு முகவரி கேட்பார்கள். இங்கேயே குடிவந்துவிட்டவர்கள், ஊரில் நிரந்தர வீடு இல்லை என்றால் இந்தியா என்று நாட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதும். ஆறாவது வரியில் வெளிநாட்டு வரி எண் என்று ஓர் இடம் உண்டு. வரிக்கு இன்னும் இந்தியாவில் வசிப்பவராக இருக்கிறவர்கள் அங்கே பான் எண்ணை எழுதுவார்கள். விசா எண் என்று கேட்பது விசாத் தாளின் கீழ் வலது மூலையில் சிவப்பில் அச்சாகியிருக்கும் எண்.

1040 படிவத்தில் உங்கள் எண் வரவேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள். எதையும் எழுதவேண்டாம். இந்த ஒரு முறை கணக்கைக் காகிதத்தில் அச்சிட்டுத்தான் அனுப்பவேண்டும், மின்வழியில் முடியாது. இருவரும் பேனாவால் கையெழுத்துப் போடவேண்டும்.

அந்தக் கையெழுத்துக்கு முன்

1040இல் உங்கள் கையெழுத்து விழுந்ததும், அதில் உள்ள எல்லாத் தொகைக்கும் நீங்களும் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிற பெண்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

வரிக்கு ரெசிடென்ட் ஆனவரின் உலகம் முழுவதுமான வருமானம் அமெரிக்கக் கணக்கில் வரவேண்டும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் வைப்புத் தொகையின் வட்டி, அப்பா எழுதிவைத்த வீட்டின் வாடகை, எல்லாமே. பி.பி.எஃப். வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதற்காக இங்கேயும் இல்லை என்று ஆகாது. திருமணமாகி ஆண்டின் நடுவில் வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். நாள் கணக்கில் நீங்கள் அந்த ஆண்டு முழுவதற்கும் ரெசிடென்ட் ஆகாவிட்டாலும், இருவரும் கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பை இணைத்து, ஆண்டு முழுவதும் ரெசிடென்ட்டாக நடத்தும்படி கேட்டுக் கூட்டாகத் தாக்கல் செய்யலாம். ஆனால் அப்படிச் செய்தால், ஜனவரி முதல் மே வரை சென்னையில் நீங்கள் வாங்கிய சம்பளமும் உள்ளே வந்துவிடும். இந்தியாவில் கட்டிய வரிக்குக் கழிவு கேட்க வழி இருக்கிறது. மறைக்கவேண்டிய தேவை இல்லை, கணக்கில் காட்டத்தான் வேண்டும்.

வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து, ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்னும் அறிக்கையைத் தனியாகத் தாக்கல் செய்யவேண்டும். வருமானம் இல்லாத மனைவிக்கும் இது பொருந்தும். நகை வாங்க அம்மா உங்கள் பெயரில் போட்டுவைத்த பணமும் அந்தக் கூட்டலில் சேரும். கணவருக்குத் தெரியாத கணக்கு இருந்தாலும் சட்டத்துக்கு அது உங்கள் கணக்குதான். அபராதம் கடுமையானது. ஆகவே கையெழுத்துக்கு முன் உங்கள் பெயரில் உள்ள பாஸ்புக்குகளை எல்லாம் எடுத்து ஓர் இடத்தில் எழுதுங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தனித்தனி டபிள்யூ-7. ஐடின் உள்ள பிள்ளைக்கு, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், 500 டாலர் வரிச் சலுகை உண்டு. பெரிய தொகையான குழந்தை வரிச் சலுகைக்குப் பிள்ளைக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கவேண்டும். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதெல்லாம் விமான நிலையத்தில் முத்திரை குத்தாமலே அனுப்பிவிடுவதுண்டு. முத்திரை இல்லாவிட்டால் பாஸ்போர்ட் மட்டும் போதாது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் அமெரிக்க மருத்துவப் பதிவு, பள்ளி வயது என்றால் பள்ளிப் பதிவு சேர்க்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திடலாம்.

இனி உறை. மேலே டபிள்யூ-7, அடுத்து 1040, கணவரின் டபிள்யூ-2 (வேலை கொடுத்தவர் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று), பிறகு பாஸ்போர்ட்டின் சான்றிட்ட நகல். குடும்பத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தாலும் ரிட்டர்ன் ஒன்றுதான், எல்லாம் ஒரே உறைக்குள். வழக்கமாக வரிக் கணக்கு போகும் முகவரிக்கு இது போகாது. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் உள்ள ஐடின் பிரிவுக்குப் போகவேண்டும்: தபால் பெட்டி 149342, ஆஸ்டின், டெக்சஸ் 78714-9342. அரசுத் தபாலில் கண்காணிப்பு எண்ணோடு அனுப்புங்கள். ஃபெடெக்ஸ் போன்ற தனியார் கூரியர் தபால் பெட்டிக்குக் கொடுக்க முடியாது, அவர்களுக்கான தெரு முகவரி படிவத்தின் வழிகாட்டியில் தனியாக இருக்கிறது. அனுப்பும் நாளில் வழிகாட்டியின் புதிய பதிப்பைப் பார்த்து இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகே உறையை ஒட்டுங்கள்.

கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 15. தூதரக நகல் அதற்குள் வராது என்று தெரிந்தால், 4868 படிவம் கொடுத்து அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குங்கள். அது தாக்கல் செய்யத்தான் அவகாசம், கட்டவேண்டிய வரி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டவேண்டும். அவகாசமும் வாங்காமல், எண்ணுக்கும் விண்ணப்பிக்காமல் கெடு தாண்டிவிட்டால், பிள்ளைகளுக்கான அந்த 500 டாலரைப் பின்னால் திருத்தக் கணக்கு போட்டும் பெற முடியாது.

ஏழு வாரம் ஆகும் என்பது ஐ.ஆர்.எஸ். சொல்லும் கணக்கு. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை அனுப்பியவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து அனுப்பியவர்களுக்கும் ஒன்பது முதல் பதினொரு வாரம். ரீஃபண்ட் எண்ணுக்குப் பிறகுதான். இந்த நாட்களில் தபால் பெட்டியின் உள்பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில், பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடக்கூடும். சிபி565 என்று மூலையில் அச்சிட்ட கடிதம் வந்தால் எண் கிடைத்துவிட்டது. சிபி566 என்றால் இன்னும் ஏதோ கேட்கிறார்கள், அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் பதில் அனுப்பவேண்டும். சிபி567 நிராகரிப்பு. காரணம் அதிலேயே இருக்கும், அதைச் சரிசெய்து மீண்டும் அனுப்பலாம்.

வந்த எண்ணைக் கொண்டு வேலைக்குச் சேர முடியாது. விசா நிலைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சில வங்கிகள் அதை ஏற்றுக் கணக்குத் தொடங்க விடுகின்றன. உங்கள் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கிவிடுங்கள், இதை ஒவ்வொரு பெண்ணிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எந்த வரிக் கணக்கிலும் பயன்படுத்தாவிட்டால் மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31 அன்று எண் காலாவதியாகிவிடும்.

பிறகு ஒரு நாள் வேலை அனுமதி வந்து சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்தால், அன்றோடு ஐடினைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் முழுப் பெயர், முகவரி, பழைய ஐடின் ஆகியவற்றை எழுதி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையின் நகலையும் சிபி565 கடிதத்தின் நகலையும் வைத்து, இரண்டு எண்களையும் இணைக்கச் சொல்லி ஐ.ஆர்.எஸ்.க்கு ஒரு கடிதம் அனுப்பவேண்டும். கடிதம் அனுப்பினால்தான் ஐடினில் பதிவான பழைய கணக்குகள் உங்கள் புதிய எண்ணின் கீழ் வந்து சேரும். அதனால் சிபி565ஐக் கணவரின் கோப்பில் போடாமல் உங்கள் கோப்பில் வையுங்கள்.